எட்டு நாள் காய்ந்த நாற்காலி

மர நாற்காலியை ஆணிதான் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்று பரவலாக நம்பப்படுகிறது. படித்தவர்களும் அப்படி நம்புவதால் இதைச் சும்மா விட்டுவிட முடியாது. நல்ல நாற்காலியில் ஆணி கிடையாது, திருகு கிடையாது, பசையும் கிடையாது. நான்கு கால்களையும் பச்சை மரத்தில், வெட்டின ஈரம் மாறுவதற்குள் செதுக்க வேண்டும். கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்களை மட்டும் அடுப்புக்கு மேலே பரணில் போட்டு மாதக்கணக்கில் காயவைத்திருக்க வேண்டும். ஈரக்காலில் துளையிட்டுக் காய்ந்த சட்டத்தின் முனையை அதில் அடித்து இறக்கிவிட்டால் கால் காயக் காயச் சுருங்கும், சுருங்கச் சுருங்கத் துளை இறுகும், இறுகிய துளையின் பிடியை அதைப் போட்ட தச்சனே திரும்ப வந்தாலும் பிரிக்க முடியாது. மரத்தை ஆறப்போட்டுத்தான் தொட வேண்டும் என்று சொல்கிறவர்கள் கதவும் சன்னலும் செய்தவர்களாக இருப்பார்கள். நாற்காலியைப் பற்றி அவர்கள் பேசாமலிருப்பது எல்லோருக்கும் நல்லது. செவல்கரிசல் ஊராட்சியின் துணைத் தலைவர் பரமானந்தத்துக்கு இவ்வளவும் தெரிந்திருந்தால், அந்த ஊர்க்கிணறு இன்றைக்கும் மற்றக் கிணறுகளைப் போலவே இருந்திருக்கும்.

செவல்கரிசலில் தலைவர் பதவி சுழற்சி முறையில் காலனிப் பெண்களுக்கு என்று வந்த வருஷம் சீனித்தாய் நின்று ஜெயித்தார். ஜெயித்த முதல் கூட்டத்துக்குப் போனபோது அலுவலகத்தில் பத்து நாற்காலிகள் இருந்தன, பத்திலும் ஆட்கள் இருந்தார்கள். சீனித்தாய்க்கு வாசல் ஓரமாகத் தரையில் ஒரு சாக்கு விரித்திருந்தது. "தரை குளுகுளுன்னு இருக்கும் சீனி, வெயில்ல நடந்து வந்திருக்க" என்றார் பரமானந்தம். அவர் குரலில் அக்கறை இருந்தது என்பதைப் பதிவுசெய்வது அவசியம், ஏனென்றால் பதினான்கு மாதமும் அது குறையவே இல்லை. தீர்மானப் புத்தகம் மேசைமேல் இருக்கும். மேசையில் பேசுவார்கள், மேசையில் எழுதுவார்கள், எழுதி முடித்ததும் செயலர் கதிரேசன் புத்தகத்தைக் கீழே கொண்டுவந்து, எழுத்திருக்கும் பகுதியைப் பழைய காலண்டர் தாளால் மூடிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டை மட்டும் காட்டுவார். "படிக்கணும்" என்று சீனித்தாய் கேட்டால், மேசையில வச்சுப் படிக்கிற புத்தகம்மா இது, தரையில வச்சா மரியாதை இல்லை என்பார். காலனிக்குக் குடிநீர்க் குழாய் போட வேண்டும் என்று சீனித்தாய் மூன்று கூட்டத்தில் சொன்னார். மூன்று கூட்டத்திலும் பத்துத் தலைகள் ஆடின. மூன்று கூட்டத்திலும் தாள் மூடிய பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். குழாய் வரவில்லை.

புத்தகத்தைப் படிக்க வேண்டுமானால் மேசையில் உட்கார வேண்டும், மேசையில் உட்கார நாற்காலி வேண்டும் என்பது அவருக்குப் புரிந்து, காலனியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் வைத்துக் கொண்டுபோனார். மறுகூட்டத்தில் அதன் கால்கள் முறிந்து கிடந்தன. இரண்டாவது, குப்பைமேட்டில் ஒரு நீல உருண்டையாக உருகிக் கிடந்தது. மூன்றாவது அலுவலகத்துக்குப் பின்னால் ஊர்க்கிணற்றில் மிதந்தது. அதை எடுக்கக் காலனி ஆட்கள் கிணற்றில் இறங்கக் கூடாது என்பதால் மிதந்துகொண்டே இருந்தது. மேலிடத்துக்கு எழுதிய மனுவுக்கு, மனு கிடைத்தது என்று பதில் வந்தது.

அப்போதுதான் சீனித்தாய் இன்னாசிமுத்துவிடம் போனார். இன்னாசிமுத்து மலைமேல் ஒரு மிஷன் பட்டறையில் நாற்காலி வேலை செய்துவிட்டு, அங்கே மிஷின் வந்ததும் மிஷினோடு சண்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தவர். சண்டை போடுவது அவருக்கு வேலையின் ஒரு பகுதி. மரத்தோடும் போடுவார், மழையோடும் போடுவார். ஒடைக்க முடியாத நாற்காலி ஒன்று வேண்டும் என்று சீனித்தாய் சொன்னதும் அவர் ஒரு கயிற்றை எடுத்து, தரையிலிருந்து சீனித்தாயின் முழங்கால் வரை ஒரு முடிச்சு, இடுப்பிலிருந்து தோள் வரை ஒரு முடிச்சு, இடுப்பு அகலத்துக்கு ஒரு முடிச்சு என்று அளந்துகொண்டார்.

"எங்க போடப்போற தாயி?"

"ஆபீஸ்ல. மேசைக்குத் தலைமாட்டுல."

"அப்பன்னா வீட்டுல வச்சு உட்காராத. எந்தத் தரையில நிக்கப்போகுதோ அங்கயே ஒம்போது நாள் உட்காரணும், காலையில இருந்து வெளக்கு வைக்கிற வரைக்கும். ஆளு பாரத்துல காய்ஞ்சாத்தான் நாலு காலும் ஒண்ணாத் தரையத் தொடும். ஆளில்லாமக் காய்ஞ்சா மூணு கால் நிக்கும், நாலாவது கோவிச்சுக்கிட்டு நிக்கும்."

"ஒம்போது நாள் விடுவாங்களாண்ணே?"

"அது மரவேலையில்ல. எனக்குத் தெரியாது" என்றார் இன்னாசிமுத்து.

கண்மாய்க்கரைப் பூவரசு ஒன்றை அவர் விடிந்ததும் வெட்டினார். ஆப்பு வைத்து நார் போன போக்கிலேயே பிளந்தார். ரம்பம் நாரை அறுத்துவிடும், அறுபட்ட நார் கோள் சொல்கிறவனைப் போல எந்த நேரமும் விட்டுவிடும் என்பது அவர் கட்சி. காலால் மிதித்தால் மரத்தைக் கவ்விக்கொள்ளும் சாய்பலகையில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியை நெஞ்சை நோக்கி இழுக்க இழுக்க ஈரச் சுருள்கள் அவர் மடியில் விழுந்தன. குறுக்குச் சட்டங்கள் இரண்டு வருஷம் பரணில் கிடந்த கருவேல். இருக்கைக்குப் பனைநார். மூன்றாம் நாள் காலை, கால்களில் இன்னும் தண்ணீர் துளிர்க்கும் நாற்காலியைச் சீனித்தாய் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் மேசையின் தலைமாட்டில் வைத்தார்.

உட்காரவில்லை. உட்காருவதற்குள் பரமானந்தம், தரையைக் கழுவப் போகிறார்கள், ஒரு நிமிஷம் எல்லாத்தையும் வெளிய எடுக்கணும் என்றார். எல்லாம் என்பது அந்த ஒன்றுதான். இரண்டு உறுப்பினர்கள் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கோபமில்லாமல், அவசரமில்லாமல், பேசிக்கொண்டே பின்னால் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார்கள். முன்பு போட்டுப் பழகிய கை.

பூவரசங்கொம்பை ஈரத்தில் ஊன்றினால் பிழைத்துக்கொள்ளும் என்பது அந்த ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். வேலிக்கு ஊன்றிய கொம்பெல்லாம் மரமாகி நிற்கிற ஊர் அது. போட்ட இரண்டு பேருடைய தோட்டத்திலும் அப்படி வேலி இருக்கிறது. ஆனால் அவர்கள் அதை மரமாகப் பார்க்கவில்லை, நாற்காலியாகக்கூடப் பார்க்கவில்லை. அதில் யார் உட்காரப் போகிறார் என்பதை மட்டும் பார்த்தார்கள்.

நாற்காலி குடிக்கத் தொடங்கியது. முதல் நாள் வாளிக்கயிறு ஒரு முழம் கூடுதலாக இறங்கியது, ஊர் வெயிலைத் திட்டியது. மூன்றாம் நாள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் நாற்காலி நிமிர்ந்து நிற்பதையும் கால்கள் சேற்றில் ஊன்றியிருப்பதையும் பார்த்தார்கள். வடம் கட்டி இழுத்தார்கள்; வடம் வந்தது. ஏழாம் நாள் அதன் முதுகு கிணற்றுச் சுவருக்கு மேலே தெரிந்தது, பத்தாம் நாள் இருக்கை தெரிந்தது, பதினைந்தாம் நாள் கிணற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, இருக்கை அலுவலகக் கூரையைத் தாண்டியிருந்தது, ஒரு மாதத்தில் சுவருக்கு மேலே பதினாறு முழ உயரத்தில் போய் நின்றது. வளர்ந்தவை கால்கள் மட்டும்தான். சட்டங்கள் காய்ந்தவை, நார் காய்ந்தது, ஆகவே அவை வளரக் காரணமில்லை. இருக்கை சீனித்தாயின் இடுப்பு அகலத்துக்கு அளந்தது அளந்தபடியே வானத்தில் இருந்தது.

ஊர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பஸ் கண்டக்டர்கள் "நாற்காலி எறங்கு" என்று சத்தம் கொடுத்தார்கள். கால்களுக்கிடையே கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள். ஒரு கால் நிழல் நகர்வதை வைத்துப் பள்ளிக்கூடத்தில் மணியடித்தார்கள். மஞ்சள் பூ பூத்தபோது பறித்துச் சாமிக்கு வைக்கலாமா கூடாதா என்று ஒரு வாரம் வழக்கு நடந்தது. அதைவிடப் பெரிய வழக்கு, நாற்காலி காலனியைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பத்துப் பேரும் குடியிருக்கும் மேலத்தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது என்பது. இது திட்டமிட்ட அவமதிப்பு என்று ஒரு கண்டனத் தீர்மானம் எழுதி, தாளால் மூடி, சீனித்தாயிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். தாலுகாவிலிருந்து வந்த அதிகாரி அனுமதியற்ற கட்டுமானம் என்று குறித்துக்கொண்டு, தளம் எத்தனை என்ற கட்டத்தில் யோசித்துவிட்டு ஒன்று என்று எழுதிப் போனார். மேலத்தெரு ரம்பம் போட்டுப் பார்த்தது; பச்சை மரம் ரம்பத்தைக் கவ்விக்கொண்டு விடவில்லை, அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. தீ வைத்துப் பார்த்தது. கால் சீறியது, புகைந்தது, எரியவில்லை.

எல்லாவற்றுக்கும் பழகிய ஊருக்குத் தாகத்துக்கு மட்டும் பழக முடியவில்லை. காலனியில் ஒரு கைப்பம்பு இருந்தது, இரண்டு தெருவுக்கு ஒன்று, அடித்தால் பாதித் தண்ணீரும் பாதிச் சத்தமும் வரும். பரம்பரையாக மேலத்தெரு அதைப் பம்பு என்றே ஒப்புக்கொண்டதில்லை. சித்திரை நடுவில் மேலத்தெருப் பெண்கள் குடத்தோடு அங்கே வந்து வரிசையில் நின்றார்கள். தங்கள் ஆண்களிடம் அதைச் சொல்லவில்லை. ஆண்களும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. காலனிப் பெண்கள் அவர்களுக்கு முன்னால் விலகி நிற்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. "வரிசை இங்க இருந்து ஆரம்பிக்குது மயினி" என்று ஒருத்தி கடைசியைக் காட்டினாள், அவ்வளவுதான்.

நாற்காலி வளர்வதை நிறுத்த வழி கேட்டுப் பரமானந்தம் இன்னாசிமுத்துவைத் தேடிப் போனது அதற்குப் பிறகு. அது வளரவில்லை, காயாமலிருக்கிறது என்று இன்னாசிமுத்து திருத்தினார். காயாத மரம் குடிக்கத்தான் செய்யும். அளவுக்குரிய ஆள் ஒன்பது நாள் உட்கார்ந்தால் காயும், காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் குடித்ததைக் கக்கும். வேறு ஆள் உட்கார்ந்தால் என்று பரமானந்தம் கேட்டார். கயிறு உன் முழங்காலை அளக்கலையே என்றார் இன்னாசிமுத்து. ஆனாலும் பரமானந்தம் பனையேறி ஒருவரைக் கூட்டிவந்து மேலே ஏறினார். உட்கார்ந்தார். தலைவர் நாற்காலியில் துணைத் தலைவர் உட்காருவதில் விதிமீறல் எதுவுமில்லை என்று கீழே கதிரேசன் விளக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்தார்; அதற்குள் நாற்காலி இன்னும் அரை முழம் உயர்ந்துவிட, தலை சுற்றிக் கூப்பாடு போட்டவரைப் பனையேறி இடுப்பில் கட்டி இறக்கினார். கீழே வந்ததும் அவர் கேட்ட தண்ணீர் காலனிப் பம்பிலிருந்து வந்தது. அந்த அரை முழம் மட்டும் அவர் இறங்கியதும் தானாகக் குறைந்தது.

பத்துப் பேரும் சீனித்தாய் வீட்டுக்கு வந்தார்கள். அவர் முற்றத்தில் பம்பிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை அண்டாவில் ஊற்றிக்கொண்டிருந்தார். உட்கார யாருக்கும் ஒன்றும் போடவில்லை. ஊருக்கு ஒரு நல்லது செய்யணும் என்று பரமானந்தம் ஆரம்பித்தார். ஏணி கட்டித்தருகிறோம், குடை பிடிக்க ஆள் போடுகிறோம், ஒன்பது நாள் மேலே போய் உட்கார்ந்தால் போதும், சாப்பாடு மேலேயே வரும், தலைவரம்மாவுக்கு எந்தக் குறையும் இருக்காது. தலைவரம்மா என்று அவர் சொன்னது பதினைந்து மாதத்தில் அதுதான் முதல்முறை, சொல்லும்போது நடுவில் ஒரு இருமலும் வந்தது.

சீனித்தாய் குடத்தைக் கீழே வைத்தார்.

"பதினாலு மாசம் தரையில உட்காருன்னீங்க. இப்ப ஆகாசத்துல உட்காருங்கிறீங்க. அந்த மேசைக்குப் பக்கத்துல மட்டும் எனக்கு ஒரு எடம் இல்ல, அப்படித்தானே?"

நாற்காலியைக் கீழே இறக்க முடியாதே என்று கதிரேசன் முணுமுணுத்தார்.

"அப்ப மேசைய மேல ஏத்துங்க."

"தலைவரம்மா..."

"மேசை. புத்தகம். நீங்க பத்துப் பேரு. நாற்காலி எங்க இருக்கோ அங்கதான் ஆபீஸு. மேசை வராம நான் ஏற மாட்டேன். உங்க தொண்டை காயுறது எனக்குத் தெரியும். எனக்குப் பொறந்ததுல இருந்து காயுது."

மேலத்தெரு சாரம் கட்டியது. கல்யாணத்துக்கு வைத்திருந்த சவுக்குக் கம்புகள், பந்தல் மூங்கில், கோயில் கொடை வடம் எல்லாம் வந்தன. கிணற்றைச் சுற்றிப் பதினாறு முழ உயரத்துக்குச் சாரம் எழும்பி, அதன் உச்சியில் பலகை பரப்பி, தேக்கு மேசையை எட்டுப் பேர் ஏற்றினார்கள். நாற்காலிகளையும் ஏற்றலாம் என்று ஒரு உறுப்பினர் சொல்லிப் பார்த்தார். பலகை தாங்காது என்றார் சாரம் கட்டியவர். ஆகவே பத்துப் பேரும் ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சீனித்தாய் ஏறிவந்து உட்கார்ந்தார். அவர் பாதம் சரியாகக் கடைசிக் குறுக்குச் சட்டத்தில் பதிந்தது. காலண்டர் தாளை எடுத்துக் காற்றில் விட்டார். அது கண்மாய்ப் பக்கம் போனது. பிறகு தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் படித்தார். உயரத்தில் இருந்ததால் மேலத்தெருவுக்கும் கேட்டது, காலனிக்கும் கேட்டது. இந்த ஊரில் ஒரே செய்தி இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது அதற்கு முன்னால் நடந்ததாகத் தகவல் இல்லை. ஒரு நாள் உட்கார்ந்தால் நாற்காலி இரண்டு முழம் தாழ்ந்தது. அடுத்த நாள் காலை சாரத்தைப் பிரித்து இரண்டு முழம் இறக்கிக் கட்டி, மேசையையும் இறக்கினார்கள். கிணற்றடியில் ஊற்றுச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் சேறு நனைந்தது. நான்காம் நாள் மத்தியானம் முப்பத்தொன்றாம் எண் தீர்மானம் வந்தது.

"காலனி மக்களுக்குக் குடிநீர்க் குழாய் தேவையில்லை என்று தலைவர் அவர்களே கேட்டுக்கொண்டபடியால், மேற்படி குழாயை மேலத்தெரு மேற்குச் சந்துக்கு மாற்ற ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." கீழே அவர் கையெழுத்து. பெயருக்குக் கீழே அவர் எப்போதும் போடுகிற இரண்டு புள்ளிகளும் இருந்தன.

அதை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை குரல் உயரவில்லை, இன்னும் மெதுவானது. கீழே காலனி ஆட்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் புத்தகத்தைத் திருப்பிப் பரமானந்தத்தின் பக்கம் தள்ளினார்.

"நீங்க படிங்க துணைத் தலைவரே. நான் எப்பக் கேட்டுக்கிட்டேன்னு அதுல தேதி இருக்கும்."

பரமானந்தத்தின் ஒரு கை கம்பைப் பிடித்திருந்தது, மறுகையால் புத்தகத்தைப் பிடித்தார், பக்கம் காற்றில் புரண்டது, வாய் திறந்தது. தண்ணி குடிச்சுட்டுப் படிக்கிறேன் என்றார்.

"படிச்சுட்டுக் குடிங்க."

படித்தார். அதை அடித்து எழுதச் சொன்னார் சீனித்தாய். கதிரேசன் நின்றபடி அடித்தார், நின்றபடி எழுதினார், பத்துப் பேரும் நின்றபடி கையெழுத்துப் போட்டார்கள், யாருக்கும் எந்தப் பகுதியும் மூடப்படவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் புத்தகம் முடிந்தது. இருக்கை கிணற்றுச் சுவர் மட்டத்துக்கு வந்திருந்தது, சாரம் முழுக்கப் பிரிந்து மேசை மண்ணில் நின்றது, கிணற்றில் முக்கால் பங்கு தண்ணீர். விளக்கு வைத்ததும் சீனித்தாய் எழுந்தார்.

மறுநாள் காலை ஊரே கிணற்றடியில் கூடியிருந்தது. சீனித்தாய் வந்தார், நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. இன்னும் ஒரே ஒரு நாள்தானே என்று பரமானந்தம் கெஞ்சினார்.

"இன்னைக்கு உட்கார்ந்தா காய்ஞ்சிரும். காய்ஞ்ச மரம் ரம்பத்துக்குக் கேக்கும், நெருப்புக்கும் கேக்கும். உங்களையும் எனக்குத் தெரியும்."

அவர் இன்னாசிமுத்துவைப் பார்த்தார். கூட்டத்தன்னைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாசத்துக்கு நிற்கும், காயவும் காயாது, வளரவும் வளராது என்று இன்னாசிமுத்து சொன்னார். சொல்லிவிட்டு, இதெல்லாம் மரவேலையில் சேர்த்தி இல்லை என்று யாரையோ திட்டிக்கொண்டே போனார்.

காலனிக்குக் குழாய் ஆடி முதல் வாரம் வந்தது. மாதாந்திரக் கூட்டம் கிணற்றடியில் நடக்கிறது. மேசையைக் காலையில் தூக்கி வருகிறார்கள், முடிந்ததும் தூக்கிப் போகிறார்கள். ஐப்பசிக் கூட்டத்தை மட்டும், தலைவரிடம் கேட்காமல், துணைத் தலைவர் மகளுக்கு வளைகாப்பு என்று ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். வளைகாப்பன்று மத்தியானம், இலை போட்டுச் சோறு பரிமாறும் நேரத்தில், ஊர்க்கிணற்றில் வாளிக்கயிறு இரண்டு முழம் போதவில்லை.